கோட்டில் நின்ற டீசல்

கிருத்திகா முதலில் பார்த்தது கணவனின் கையைத்தான்.

மோகனூர் சாலையில் கரும்புக் காடுகளுக்கு நடுவே தனியாக நிற்கும் பட்டறை அது. உள்ளே ஒரு டீசல் பிக்கப் வண்டி பின்பக்கம் ஒருக்களித்துத் தரையில் படிந்திருந்தது. இடது பின்சக்கரம் கழற்றப்பட்டுச் சுவரோரம் இருந்தது. சக்கரம் இல்லாத அந்தப் பக்கத்தின் அடியிலிருந்து மோகன்குமாரின் இடது கை வெளியே நீண்டு கிடந்தது. விரல்களுக்குள் செல்போன்.

கொண்டுவந்த மோர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு அவள் குனிந்து அந்தக் கையைப் பிடித்தாள். அது திருப்பிப் பிடிக்கவில்லை. சாலைக்கு ஓடினாள். நாமக்கல் பக்கமிருந்து மோட்டார் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான் அவளுடைய அண்ணன் மணியன். மோகன்குமாரோடு கூட்டாகப் பட்டறை நடத்துபவன். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து, போலீசுக்குப் பேசியதும் அவன்தான்.

பகல் 12.40. சப்-இன்ஸ்பெக்டர் வசந்தாமணி இரண்டு காவலர்களோடு வந்து இறங்கினார். கான்ஸ்டபிளாகச் சேர்ந்து மேலே வந்தவர். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. உடம்பை எடுக்கச் சொல்வதற்கு முன், யாரையும் எதையும் தொடவிடாமல் பட்டறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

வண்டிக்கடியில் ஜாக்கி சாயாமல் நேராக நின்றது. அதன் தண்டு முழுக்க உள்ளே இறங்கியிருந்தது. வண்டியைத் தாங்க வைக்கும் இரும்பு ஸ்டாண்டுகள் இரண்டும் மூலையில் கிடந்தன. அடியிலிருந்து ஒரு ரப்பர் குழாய் வெளியே வந்து வெள்ளைப் பிளாஸ்டிக் கேன் ஒன்றுக்குள் இறங்கியது. கேனைச் சுற்றிச் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு. உள்ளே இருந்த டீசல் சரியாக அந்தக் கோட்டில் நின்றது. தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை. வண்டிக்குள் சாவி அதன் துளையில் இருந்தது, அணைத்த நிலையில்.

வசந்தாமணி கைக்குட்டையால் செல்போனை எடுத்தார். திரை ஒளிர்ந்தது. ஸ்டாப்வாட்ச் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கழித்துக்கொண்டார். பதினொன்றேகால் வாக்கில் அது ஓட ஆரம்பித்திருக்கிறது.

"சாவிய ஆராச்சும் தொட்டீங்களா?"

"நான் வண்டிக்குள்ள எட்டியே பாக்கலீங்க," என்றாள் கிருத்திகா.

"நானுந் தொடலீங்க மேடம்," என்றான் மணியன். "போலீசு வர்ற வரைக்கும் எதையும் தொடக்கூடாதுன்னு தெரியுமுங்க."

உடம்பை எடுக்க வண்டியைத் தூக்க வேண்டியிருந்தது. காவலர் ஜாக்கியின் கம்பியை மேலும் கீழும் அடித்தார். தண்டு எழவில்லை.

"ஜாக்கியோட அடியில திருகு லூசா இருக்கும். இறுக்கிட்டு அடிங்க," என்றான் மணியன்.

இறுக்கியதும் வண்டி எழுந்தது. மோகன்குமாரை வெளியே எடுத்தார்கள். நெஞ்சுக்கூடு நொறுங்கியிருந்தது. கிருத்திகா அழாமல் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். யாரோ அவளைப் பிடித்து நகர்த்திக்கொண்டு போனார்கள்.

*

பிற்பகல் 3.00. மோட்டார் வாகன ஆய்வாளர் நந்தகுமார் வந்தார். வண்டி அதே ஜாக்கியின் மேல் நின்றது. பாதுகாப்புக்கு இரண்டு ஸ்டாண்டுகளும் கொஞ்சம் தாழ்வாக, வண்டியைத் தொடாமல் வைக்கப்பட்டிருந்தன. வசந்தாமணி அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "பம்புக்குப் போற ஒயரு எதாச்சும் கழண்டிருக்குதுங்களா? பாருங்க."

நந்தகுமார் அடியில் போய்ப் பார்த்தார். ஒயர்கள் திருகோடு இறுக்கமாக இருந்தன. சாவியைத் திருப்பச் சொன்னார். அடியில் பம்ப் முனக ஆரம்பித்தது. வேறொரு கேனுக்கு மாற்றியிருந்த குழாயிலிருந்து டீசல் வந்தது. உடனே அணைக்கச் சொன்னார்.

"எல்லாம் சரியா இருக்குங்க. இதுல என்ன கேள்வி?"

"இன்னும் தெரியல," என்றார் வசந்தாமணி. வண்டிக்குக் காவல் போட்டுவிட்டு மணியனை வெளியே வேப்பமர நிழலுக்குக் கூப்பிட்டார்.

"அடியில படுத்து என்ன பண்ணிட்டு இருந்தாரு?"

"லிஃப்ட் பம்பு டெஸ்டுங்க. டேங்குல இருக்கற டீசல உறிஞ்சி எஞ்சினுக்குத் தள்ளிக் குடுக்கற பம்பு. பழைய வண்டில எஞ்சினோட ஒட்டுனாப்பல ஒண்ணு இருக்கும். சொமையோட மல ஏறயில அதுக்குத் தெம்பு பத்தாது. அதுக்குப் பதிலா நாங்க கரண்டுல ஓடற பம்பு மாட்டித் தாரோம். கொல்லிமலைக்குப் போற வண்டி பாதி எங்ககிட்டத்தான் வரும்."

"டெஸ்ட்ட எப்படிப் பண்ணுவீங்க?"

"எஞ்சின ஓட்ட வேண்டியதில்லீங்க. சாவியத் திருப்புனாப் போதும், பம்பு ஓடும். ஒரு நிமிசம் கேன்ல புடிக்கோணும். கோட்டத் தொட்டா நல்ல பம்பு. தொடலீன்னா ஒதுக்கிரோணும். அந்தக் கோடு மாப்ள போட்டதுதானுங்க."

"இது கோட்டுல நிக்குது."

"அதான் நல்ல பம்புங்களே. பாத்துட்டு வெளிய வாரதுக்குள்ள ஜாக்கி எறங்கிருச்சு. பழைய ஜாக்கிங்க, எண்ண கசியும். தூக்கிப் போடுன்னு நான் எத்தன தடவ சொல்லிருப்பேன்." கண்களைத் துடைத்துக்கொண்டான்.

"காத்தால நீங்க எங்க இருந்தீங்க?"

"டீசல் பில்டர் வாங்க நாமக்கல் போயிட்டனுங்க. வார வழில டீக்கடைல கொஞ்ச நேரம் உக்காந்தேன்."

வசந்தாமணி தலையசைத்தார். பிறகு காவலர் ஒருவரை நாமக்கல் உதிரிபாகக் கடைக்கு அனுப்பினார். அங்கே வேலை செய்யும் தனப்பிரியா என்ற பெண், மணியன் கடை திறந்ததுமே முதல் ஆளாக வந்து பில்டர் வாங்கிக்கொண்டு உடனே கிளம்பிவிட்டதாகச் சொன்னாள். அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. டீக்கடையில் உட்கார்வது குற்றமில்லை.

*

கிருத்திகாவின் வீட்டில் பெண்கள் கூடியிருந்தார்கள். வசந்தாமணி அவளை உள்ளறைக்கு அழைத்துப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ரெண்டே கேள்வி அம்மிணி. அவரு ஸ்டாண்டு வெக்காம அடியில போவாரா?"

"போவவே மாட்டாருங்க. எங்கண்ணன் வெக்கலீன்னாக்கூடச் சண்ட போடுவாரு."

"கொஞ்ச நாளா அவருக்கு எதாச்சும் மனக்கஷ்டம்?"

கிருத்திகா நிமிர்ந்தாள். "போன மாசம் கொல்லிமலைல ஒரு பிக்கப்பு பின்னால உருண்டு கவுந்துச்சுங்களே, அது எங்க பட்டறைல பம்பு மாத்துன வண்டி. உர மூட்டை மேல உக்காந்து போன பாப்பாயின்னு ஒரு அம்மா செத்துப்போச்சு. டிரைவர ஜெயில்ல போட்டுட்டாங்க. அதுலருந்து இவரு சரியாச் சோறு திங்கலீங்க. நேத்து அந்த டிரைவரோட அண்ணன் வந்து சத்தம் போட்டுட்டுப் போனாரு. பேரு காளியப்பன். என்னமோ பேசிட்டு ரெண்டு பேருமே கெளம்பிப் போனாங்க. எங்கேன்னு இவரு சொல்லல."

காளியப்பனைக் கூட்டிவந்தார்கள். தம்மம்பட்டிக்காரர், மோகனூரை ஒட்டிய கோழிப்பண்ணை ஒன்றில் வேலை. செய்தி அவருக்கு ஏற்கெனவே எட்டியிருந்தது. ஸ்டேஷன் பெஞ்சில் கைகளை முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நேத்து அவரோட சண்ட போட்டிருக்கீங்க."

"சண்ட போடத்தான் போனேன் மேடம். அவரு ஒரு வார்த்த திருப்பிப் பேசல. என் தம்பி இளஞ்செழியன் அன்னிக்கு என்ன சொன்னானோ அத அப்படியே சொன்னேன். ஏத்தத்துல எஞ்சின் டீசல் கெடைக்காத மாதிரி விக்கி அணைஞ்சுது, பிரேக்க மிதிச்சா கல்லு மாதிரி இருந்துதுன்னான். யாரும் நம்பல. கவனமில்லாம ஓட்டிட்டு கத கட்டுறான்னு சொல்லிட்டாங்க."

"மோகன்குமார் என்ன சொன்னாரு?"

"நொறுங்குன வண்டி எங்க நிக்குதுன்னு கேட்டாரு. பழைய இரும்புக் கடையில இருக்குன்னு கூட்டிட்டுப் போனேன். அவரே படுத்து அந்த வண்டிப் பம்ப கழட்டி எடுத்துக்கிட்டாரு. நாளைக்கே எங்க வண்டியில மாட்டி டெஸ்ட் பண்ணுறேன், பம்பு கெட்டதுன்னா நானே கோர்ட்ல வந்து சொல்றேன்னாரு." காளியப்பன் நிறுத்தினார். கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கியது முகத்தில் தெரிந்தது. "அது கோட்டத் தொட்டிருச்சுன்னு சொல்றாங்களே மேடம். அப்ப என் தம்பி சொன்னது பொய்யா?"

அதுவரை வசந்தாமணி சாவியை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தார். இப்போது அந்தச் சிவப்புக் கோட்டை நினைத்தார்.

"காத்தால பட்டறைக்கு வாங்க," என்றார். "நீங்களும் பாக்கறது நல்லது."

*

மறுநாள் காலை 9.00. பட்டறையில் காவலர்களைத் தவிர ஐந்து பேர் இருந்தார்கள்: வசந்தாமணி, நந்தகுமார், மணியன், காளியப்பன், வாசலோரம் கிருத்திகா. வரவேண்டாம் என்று பெண்கள் தடுத்தும் அவள் வந்திருந்தாள். வண்டி நேற்று நிறுத்திய அதே உயரத்தில் ஜாக்கியின் மேல் நின்றது. ஜாக்கிக்கும் தரைக்கும் நடுவே விரித்திருந்த காகிதத்தில் எண்ணெய்க் கறை எதுவும் இல்லை. தாழ்வாக வைத்த ஸ்டாண்டுகளை வண்டி இன்னும் தொட்டிருக்கவில்லை. நந்தகுமார் அதைக் காட்டினார். மணியன் குனிந்து பார்த்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றான்.

"மொதல்ல புதுப் பம்பு ஒண்ண மேசை மேல வெச்சு, தனி பேட்டரில ஓட்டிப் பாப்போம்," என்றார் வசந்தாமணி.

அலமாரியிலிருந்து பிரிக்காத பெட்டி ஒன்றை எடுத்து இணைத்தார்கள். நந்தகுமார் கடிகாரத்தைப் பார்த்தார். குழாயிலிருந்து டீசல் கம்பி போல நேராகப் பாய்ந்தது. ஒரு நிமிடத்தில் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது. கேனைக் காலி செய்தார்கள்.

"இப்ப வண்டில இருக்கறது."

அந்தப் பம்பை முந்தின நாளிலிருந்து யாரும் தொடவில்லை. காவலர் ஒருவர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். முனகல் கேட்டது. டீசல் வந்தது, ஆனால் பாயவில்லை. குழாயின் வாயிலிருந்து தளர்ந்து, கேனின் ஓரத்தில் ஒட்டி வழிந்தது.

ஒரு நிமிடம் ஆனது. கேனின் கால்பங்குகூட நிறையவில்லை.

"நிறுத்திரலாமா?" என்றார் நந்தகுமார்.

"வேண்டாங்க. கோட்டத் தொடட்டும்."

எல்லோரும் நின்றார்கள். பம்ப் முனகிக்கொண்டே இருந்தது. வெளியே கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று மெதுவாகக் கடந்து போனது. காளியப்பன் கேனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. டீசல் நூல் நூலாக ஏறியது. மணியன் ஒரு முறை நெற்றியைத் துடைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். பிறகு நிமிரவே இல்லை. டீசல் கோட்டுக்கு வர நாலு நிமிடத்துக்கு மேல் பிடித்தது.

வசந்தாமணி கை காட்டினார். காவலர் சாவியை அணைத்தார்.

"டேங்குல இருந்து இவ்வளவு கம்மியா வந்தா, சமதரைல வண்டி ஓடும்," என்றார் நந்தகுமார். அவர் குரல் தாழ்ந்திருந்தது. "சொமையோட ஏத்தத்துல எஞ்சினுக்கு டீசல் பத்தாம அணைஞ்சிரும். எஞ்சின் நின்னா பிரேக்கும் இறுகிப் போயிரும். டிரைவர் சொன்னது அப்படியே சரி."

காளியப்பன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப நேத்து இது எப்படிங்க கோட்டுல நின்னுச்சு?" வாசலிலிருந்து கிருத்திகா கேட்டாள்.

"அதத்தான் சொல்ல வாரேன் அம்மிணி," என்றார் வசந்தாமணி. மணியனுக்கு எதிரே போய் நின்றார்.

"எனக்கு மொதல்ல ஒறுத்துனது சாவி. உங்க மாப்ள வண்டிக்கடியில படுத்திருக்காரு. ஒயரும் கழண்டில்ல. அவர் இருந்த எடத்துல இருந்து பம்ப நிறுத்தவே முடியாது. ஆனா பம்பு நின்னிருக்குது. டீசல் ஒரு சொட்டு வழியல. அப்ப வண்டிக்குள்ள இன்னொரு ஆளு இருந்திருக்காரு. ஜாக்கி தானா எறங்கிருந்தா அந்த ஆளு கத்திருப்பாரு, தூக்கிருப்பாரு. ஓடிப் போயிருக்க மாட்டாரு. ஜாக்கி கசியவும் இல்ல. அதோட அடியில இருக்கற திருக ஆரோ தளத்துனதாலதான் எறங்குச்சு."

மணியன் அசையவில்லை.

"ஆனா அது ஆருன்னு சாவி சொல்லல. கேன்தான் சொல்லுச்சு. டெஸ்டு ஒரு நிமிசம். மோகன்குமார் ஸ்டாப்வாட்ச ஆரம்பிச்சாரு, நிறுத்தல. அந்த ஒரு நிமிசம் முடியறதுக்குள்ள வண்டி அவரு மேல எறங்கிருச்சு. அப்ப கேன்ல கால்வாசிதான் இருந்திருக்கும். நாங்க பாத்தப்ப கோட்டுல நின்னுது. நடுவுல மூணு நிமிசத்துக்கு மேல பம்பு ஓடிருக்குது. அடியில ஒரு மனுசன் செத்துக் கெடக்கறப்ப, கேன் ரொம்பற வரைக்கும் ஒருத்தர் இங்க நின்னு பாத்துட்டு இருந்திருக்காரு. கரெக்டா கோடு வந்ததும் சாவிய அணச்சிருக்காரு."

நந்தகுமார் திரும்பிக் கேனைப் பார்த்தார்.

"வழிப்போக்கன் எவனுக்கும் அந்தக் கோட்டுக்கு அர்த்தம் தெரியாது. காளியப்பனுக்கு மோகன்குமார் மேல கோவம் இருக்குன்னு வெச்சுக்குவோம். பம்பு ஜெயிச்சா அவரு தம்பி தோத்தாரு. கோட்டுக்கு வர விட்டிருக்கவே மாட்டாரு. அந்தப் பம்பு நல்ல பம்புன்னு ஊரு நம்பணும்னு ஆசப்பட்டது ஒரே ஒருத்தர்தான். அந்த வண்டில அதை மாட்டி அனுப்புனவரு. நீங்கதானுங்க மணியன்."

"பம்பையே மாத்தி வெச்சிருக்கலாமே?" என்றார் நந்தகுமார்.

"வண்டி அது மேல உக்காந்துருச்சுங்களே. தூக்காம கை போகாது. தூக்குனா செத்தவர் அடியில கெடந்த மாதிரி இருக்காது." வசந்தாமணி மணியனைப் பார்த்தே பேசினார். "சாவியத் தொடாமப் போயிருந்தீங்கன்னா கேன் வழிஞ்சு, டேங்கு காலியாகி, பேட்டரியும் தீந்திருக்கும். விபத்துன்னு நானே முடிச்சிருப்பேன்."

மணியன் பேசியபோது தங்கையைப் பார்க்கவில்லை.

"அந்தப் பம்ப மாப்ள டெஸ்ட் பண்ணி ஒதுக்கி வெச்சிருந்தானுங்க. வண்டிக்காரரு அவசரப்படுத்துனாரு. மாப்ள அன்னிக்கு ஊர்ல இல்ல. கையில வேற பம்பு இல்ல. ஒரு தடவ மல ஏறி எறங்கட்டும், வந்ததும் மாத்திரலாம்னு நெனச்சேன்." நிறுத்தினான். "நேத்து மாப்ளைக்கு அது தெரிஞ்சுபோச்சு. அழுக்கத் தொடச்சப்ப, ஒதுக்குனதுன்னு அவன் போட்ட பெருக்கல் குறி பம்பு மேல தெரிஞ்சுது. திட்டவே இல்லீங்க. 'மச்சான், சாவிகிட்ட நீங்க உக்காருங்க, ரெண்டு பேருமாவே டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு, ரெண்டு பேருமாவே போயிச் சொல்லிரலாம்'னான். நான் கெஞ்சுனேன். ஒரு உசுரு போயிருக்குதுங்களே மேடம், எனக்கு ஜெயிலுதான. என் புள்ளைக..."

"ஸ்டாண்ட எப்ப எடுத்தீங்க?"

அவன் வண்டிக்கடியில் நின்ற ஸ்டாண்டுகளைப் பார்த்தான்.

"சாவியத் திருப்பறதுக்கு முன்னாலயா, அப்புறமா?"

"முன்னாலங்க," என்றான் மணியன். "ஸ்டாண்டு இடிச்சு ஓசுக் குழாய் மடங்குதுன்னு சொல்லி எடுத்தேன். அவன் என்னைய நம்பி அடியில போனான்."

கிருத்திகா அவனருகே வந்தாள். அடிப்பாள் என்று காவலர் நகர்ந்தார். அவள் அடிக்கவில்லை. அண்ணன் முகத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, வசந்தாமணியிடம் திரும்பினாள்.

"அவரு சந்தேகப்பட்டது சரிதானுங்களா மேடம்? டிரைவர் மேல தப்பில்லீங்களா?"

"தப்பில்ல அம்மிணி."

"அத எழுதிக் குடுத்துருங்க. மொதல்ல அத எழுதுங்க."

*

இளஞ்செழியனின் ஜாமீன் மனு நாமக்கல் நீதிமன்றத்தில் வந்தபோது, ஆய்வாளர் நந்தகுமாரின் அறிக்கையே போதும், நீங்கள் வரவேண்டியதில்லை என்று வசந்தாமணி கிருத்திகாவிடம் சொல்லியிருந்தார். அவள் கேட்கவில்லை. காலையிலேயே வந்து வராந்தாவில் காளியப்பன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தாள்.

இளஞ்செழியன் அன்று மாலையே வெளியே வந்தான். அவள் எதிரில் வந்து நின்றான். "ஊட்டுக்குப் போங்க தம்பி, அங்க எதிர்பாத்துட்டு இருப்பாங்க," என்று மட்டும் சொன்னாள்.

கொலை வழக்கு விசாரணைக்கு வர மழைக்காலம் ஆகிவிட்டது. அதற்குள் சொந்தக்காரர்கள் பலர் வந்து போனார்கள். செத்தவன் திரும்பி வரப் போவதில்லை, இருப்பவனையாவது காப்பாற்று என்றார்கள். மணியனின் மனைவி சௌந்திரம் இரண்டு பிள்ளைகளோடு வந்து வாசலில் நின்றாள். அவள் எதையும் கேட்கவில்லை. பிள்ளைகள் சாப்பிட்டுப் போகட்டும் என்று கிருத்திகா உள்ளே கூப்பிட்டு இலை போட்டாள். மறுநாள் சாட்சி சொல்லக் கிளம்பினாள்.

கூண்டில் ஏறியபோது எதிர்ப்பக்கம் மணியன் நின்றிருந்தான். மெலிந்திருந்தான். அரசு வக்கீல் வழக்கமான முதல் கேள்வியைக் கேட்டார்.

"இந்த வழக்கின் எதிரியை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க."

"எப்படித் தெரியும்?"

"எங்கூடப் பொறந்தவருங்க."

அவள் குரல் உடைந்தது. கொஞ்சம் உட்காருகிறாயா என்று நீதிபதி கேட்டார்.

"வேண்டாங்க," என்றாள் கிருத்திகா. கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "நின்னுட்டே சொல்லிர்றனுங்க."